அறுவைக் கூடத்தில் ஒரு வரைபடம்

(மருத்துவமனை நிர்வாகிகளுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன். பொருளாதாரம் படித்து, அரசுப் பணியில் எண்களோடு காலங்கழித்தவன். இங்கே பேச எனக்குள்ள தகுதி, மாதாந்தர அறிக்கைகளைப் படித்து விளக்கம் கேட்டு எழுதிய பழக்கம் ஒன்றுதான். அப்பழக்கத்தில் நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மருத்துவமனையில் மாதம் 200 அறுவை சிகிச்சைகள் நடப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரியாகப் பத்துப் பேருக்குக் காயத்தில் சீழ் பிடிக்கிறது. ஒரு மாதம் அது 14 ஆகிறது. "நாற்பது சதவீத உயர்வு, காரணம் தெரிவிக்கவும்" என்று மேலிடத்திலிருந்து கடிதம் போகும். இத்தகைய கடிதங்கள் பலவற்றில் நான் கையொப்பமிட்டிருக்கிறேன். தலைமைச் செவிலியர் ஏதேனும் ஒரு காரணத்தைத் தேடிப்பிடித்துப் பதில் எழுதுவார். அடுத்த மாதம் எண்ணிக்கை 9 ஆகும். கடிதத்தால் பலன் விளைந்தது என்று கோப்பு மூடப்படும்.

மெய்யாக நடந்தது எதுவுமில்லை. சராசரி 10 என்றால், இங்கே திட்ட விலக்கம் ஏறத்தாழ 3. சராசரிக்கு மேலும் கீழும் அதன் மும்மடங்குத் தொலைவில் கோடுகள் இட்டால், மேல் வரம்பு 19-ஐ ஒட்டி அமைகிறது. பதினான்கு அதற்குள் அடங்கிய தற்செயல் ஏற்றமே. அமெரிக்காவின் வால்டர் ஷூஹார்ட் 1924-இல் தொழிற்சாலைப் பொருள்களின் தரத்தைக் காக்க வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம் இதுவேயாகும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பின்பேரில் அவர் 1947-48-இல் நம் நாட்டுக்கு வந்தார். ஆலைகளில் நாம் அன்றே கற்ற பாடத்தை மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்ல ஏனோ தயங்கி நின்றோம்.

வரைபடம் வீண் பழியை மட்டும் தடுப்பதன்று. எல்லாப் புள்ளிகளும் வரம்புக்குள் இருந்தும், தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் சராசரிக் கோட்டுக்கு மேலேயே விழுந்தால், தற்செயலாக அவ்வாறு நேரும் வாய்ப்பு 256-இல் ஒன்று. அப்போதுதான் கிருமிநீக்கும் கருவியையும், மயக்க மருந்து முறையையும், கை கழுவும் இடத்தையும் சென்று பார்க்க வேண்டும்.

பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் இரு சான்றுகள் உள்ளன. இதயத்தின் இரு பெருங்குழாய்களும் இடம்மாறிப் பிறக்கும் சிசுக்களுக்கு அவற்றை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை உண்டு. லண்டனில் மார்க் டி லெவால் என்னும் அறுவை நிபுணர் 1987 முதல் 1993 வரை இதை 104 சிசுக்களுக்குச் செய்தார். முதல் 52 பேரில் ஓர் இறப்பே. ஆனால் 53-ஆவது முதல் 68-ஆவது வரையிலான பதினாறு பேரில் எழுவர் இறந்தனர். அவர் இதை விதி என்று விட்டுவிடவில்லை. இறப்பு குறைவாக இருந்த வேறொரு மையத்துக்குச் சென்று மறுபயிற்சி பெற்றார். தம் தோல்விகளை 1994-இல் தாமே ஆய்விதழில் வெளியிட்டார். இறப்புகளை மட்டுமன்றி, மயிரிழையில் தப்பிய சிசுக்களையும் எண்ணி வந்திருந்தால் எச்சரிக்கை முன்னதாகவே கிடைத்திருக்கும் என்பது அவ்வாய்வின் முடிவு.

பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் நிலைமை வேறு. அங்கு நடந்த குழந்தை இதய அறுவை சிகிச்சைகள் குறித்த பொது விசாரணை அறிக்கை 2001-இல் வெளியாயிற்று. வழக்கமான மையம் ஒன்றில் எதிர்பார்க்கக்கூடியதைவிட, 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்தனர் என்று அது கண்டது. எண்களுக்கு அங்கே பஞ்சமில்லை. அவற்றை வரிசைப்படுத்தி, உரிய நேரத்தில் பார்த்து, நிறுத்துங்கள் என்று சொல்லும் பொறுப்புத்தான் எவரிடமும் இல்லை.

இனி, என் போன்ற அதிகாரிகளுக்கு ஒரு சொல். இவ்வரைபடத்தைத் தண்டனைக் கருவியாக்கினால் அது அன்றே பொய்யாகிவிடும். கடினமான நோயாளியைச் சேர்க்காமல் வேறிடம் அனுப்பிவிடுவார்கள். மாவட்டம் முழுவதிலிருந்தும் முற்றிய நோயாளிகளை ஏற்கும் பெரிய மருத்துவமனையையும், முன்கூட்டித் திட்டமிட்ட எளிய சிகிச்சைகளை மட்டும் செய்யும் இல்லத்தையும் ஒரே கோட்டால் அளப்பது நியாயமன்று. நோயாளியின் வயது, நோயின் கடுமை, அவசர நிலை ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு எதிர்பார்ப்பைத் திருத்தியமைக்கும் முறைகள் இன்று உள்ளன.

கோடு கீழே இறங்கினாலும் உடனே மகிழ வேண்டாம். அறுவைக் காயத்தில் சீழ் முப்பது நாள் வரையிலும் தோன்றலாம். நோயாளியோ ஐந்தாம் நாளே வீடு திரும்பிவிடுகிறார். அவரைப் பின்தொடராத மருத்துவமனையின் புள்ளிகள் அழகாகத்தான் இருக்கும்.

சிறிய மருத்துவமனையில் மாதம் இருபது சிகிச்சைகளே நடக்கின்றன, எங்களுக்கு இது பொருந்துமா என்று உங்களில் ஒருவர் தேநீர் இடைவேளையில் கேட்டார். மாதக் கணக்கு அங்கே பயன்படாது. அதற்கு மாறாக, ஒரு சீழ் நேர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை சிகிச்சைகள் நன்றாக முடிந்தன என்று எண்ணுங்கள். அந்த இடைவெளி நாற்பதிலிருந்து பத்தாகவும், பின்னர் ஆறாகவும் சுருங்கிவருவதைக் கட்டமிட்ட தாள் ஒன்றில், பென்சிலால், பணியில் உள்ள செவிலியரே குறித்துவிடலாம். அத்தாள் கண்காணிப்பாளரின் அலமாரியில் இருத்தல் ஆகாது. அறுவைக் கூடத்தின் சுவரில் தொங்க வேண்டும்.