கூடுமிடமெல்லாம் கற்குமிடம்



வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் வரலாறு படித்தவன். கணினி நிரல் ஒரு வரியும் எழுத அறியாதவன். எனினும் நிரல் எழுதும் நம் பிள்ளைகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

அண்மையில் ஒரகடத்தை அடுத்த சிற்றூரில் உறவினர் இல்லக் காதணி விழாவிற்குச் சென்றிருந்தேன். பந்தியில் என் இருபுறமும் இரண்டு இளைஞர்கள். இருவரும் என் பழைய மாணாக்கர். மூத்தவர் ஓர் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் சி.என்.சி. எந்திரத்திற்கு நிரல் எழுதுபவர். இளையவர் டிப்ளமோ படித்தவர். வேறொரு தொழிற்சாலையில் அதே வகை எந்திரத்தில் இரும்புத் துண்டை ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரே தெருவினர். ஆயினும் ஒருவர் செய்யும் வேலை இன்னதென மற்றவர் அறியார். 'கம்பெனியில் இருக்கிறான்' என்பதோடு நம் விசாரிப்பு முடிந்துவிடுகிறதல்லவா?

நானே பேச்சைத் தொடங்கி வைத்தேன். உணவு முடிந்து வேப்பமரத்தடியில் அமர்ந்ததும், மூத்தவர் அழைப்பிதழின் பின்புறத்தில் எழுதிக் காட்டலானார். ஜி00 என்றால் வெட்டுளி விரைந்து நகரும். ஜி01 என்றால் குறித்த வேகத்தில் நேர்கோட்டில் வெட்டிச் செல்லும். எம்03 என்றால் சுழல்தண்டு வலஞ்சுழியாகச் சுழலும். ஜி01 வரவேண்டிய இடத்தில் ஜி00 எழுதினால் உளி இரும்பில் மோதி முறியும். "நானும் ஒருமுறை முறித்திருக்கிறேன், தம்பி" என்று அவர் நகைத்த பிறகுதான் இளையவரின் கூச்சம் அகன்றது. ஈராண்டுகளாக அவ்வெழுத்துகளை எந்திரத்தின் திரையில் நாள்தோறும் கண்டவர் அவர். பொருள் கேட்க அஞ்சியிருந்தார்.

கேட்டால் 'இதுகூடத் தெரியாதா?' என்பார்கள். அடுத்து, 'எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம்?' என்ற கேள்வியும் வரும். இந்த அச்சத்தை அவ்விளைஞரின் குறையென்று நான் சொல்லமாட்டேன். நம் பிள்ளைகளுக்கெனப் பள்ளி திறக்க 1894-ல் அடையாற்றில் ஓர் ஆல்காட் வரவேண்டியிருந்தது என்பதை மறவாதீர்கள். வசதியுள்ள வீட்டில் சித்தப்பாவோ மாமனோ ஆலையில் மேலாளராக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் அவர் போகிறபோக்கில் சொல்லும் நான்கு சொற்களை அறிய நம் பிள்ளைக்கு நான்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. இன்று நம்மிடையேயும் அத்தகைய சித்தப்பாக்களும் அக்காள்மாரும் தோன்றிவிட்டனர். அவர்கள் வாய் திறப்பதில்லை என்பதே என் மனக்குறை.

கூடிக் கற்பது உலகிற்குப் புதிதன்று. 1975 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஒருவர் வீட்டுக் கார்க் கொட்டகையில் கணினி ஆர்வலர் சிலர் கூடினர். ஹோம்புரூ கணினிக் கழகம் என்று அதற்குப் பெயர். ஸ்டீவ் வாஸ்னியாக் தாம் வடிவமைத்த கணினியின் வரைபடத்தை அக்கழகத்தாருக்கு இலவசமாகவே வழங்கினார்; பின்னர் அதுவே ஆப்பிள் நிறுவனத்தின் முதற் கணினியாயிற்று. அவ்வளவு தொலைவு செல்வானேன்? சென்னையிலும், காஞ்சிபுரத்திலும், விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் தோன்றித் தாம் அறிந்ததைப் பிறர்க்கு உரைத்து வந்துள்ளன. அங்கே பட்டத்தையோ பரம்பரையையோ கேட்டு எவரையும் உள்ளே விடுவதில்லை; கற்கும் விருப்பம் போதும்.

திருப்பெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். பொருத்து வரிசையில் ஒரே அசைவைப் பல்லாண்டு செய்தவர்க்கு, வேறோர் ஆலையின் வாயிலில் எடுத்துக்காட்ட என்ன இருந்தது? நிரல் அறிந்தவர் தம் தொழிலைத் தம்மோடு எடுத்துச் செல்வார்.

ஆகவே திருமணமாயினும், ஆடிக் கூழ் வார்க்கும் நாளாயினும், ஏப்ரல் 14 விழாவாயினும், ஒரு மணி நேரம் பந்தலின் ஓரத்தில் அமருங்கள். ஒரு பழைய கணினி போதும். லினக்ஸ்சிஎன்சி, ஓபன்பிஎல்சி போன்றவை விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள். ஆலைக்குள் செல்லாமலே பழகலாம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நிறுவனத்தின் வரைபடத்தையோ நிரலையோ எடுத்து வராதீர்கள், வேலை போய்விடும். முறையை மட்டும் சொல்லிக் கொடுங்கள். பகற்பொழுதில் நடத்துங்கள். இருட்டிய பின் ஏரிக்கரையில் நம்மவர் கூடும் கூட்டத்தை நான் குறிப்பிடவில்லை! மின்னணு ஆலைகளுக்கு முறைவேலைக்குப் பேருந்தேறிச் செல்லும் நம் பெண்கள் தெருமுனைப் பேச்சுக்கு வரமாட்டார்கள். அவர்கள் அமரும் பந்தலிலேயே பேச்சு நடக்க வேண்டும்.

அழைப்பிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட அவ்விளைஞர், தம் ஆலையில் நிரல் பழக இருமுறை அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. இப்பொழுது படப்பைப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் செட்டராக இருக்கிறார். ஊதியம் முன்னையதைவிடச் சற்றுக் குறைவுதான். அதை நான் மறைக்க விரும்பவில்லை. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் சங்கக் கட்டடத்தின் முன்னறைக்கு வர அவர் இசைந்திருக்கிறார். மூத்தவரும் வருகிறார். ஒரு கரும்பலகை மட்டும் வேண்டுமென்றார்கள். பலகைக்கு நான் பொறுப்பு.