கச்சேரிக்கு முன்பே எழுத வேண்டிய கணக்கு

அகதிகளுக்கு நிதி திரட்டக் கலை நிகழ்ச்சி நடத்துகிறோம் என்றால், பாட்டுக் கேட்டால் அவர்கள் பசி தீருமா என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கச்சேரியை வைத்து இதைப் பார்க்கலாம். இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவத்தின் கொடுமைக்குத் தப்பி அந்த ஆண்டில் சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். அவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று சிதார் மேதை ரவிசங்கர் தம் நண்பரான பீட்டில்ஸ் இசைக்கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனிடம் கேட்டார். அதன் விளைவாக ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள். வந்தவர்கள் ஏறத்தாழ 40,000 பேர்.

நுழைவுச்சீட்டில் கிடைத்தது சுமார் 2,43,000 டாலர். ஒரு கோடிப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று சென்ட்கூடத் தேறாது. அதனால் கச்சேரி வீண் என்று சொல்லிவிட முடியுமா? அமெரிக்க அரசு பாகிஸ்தான் பக்கம் சாய்ந்திருந்த நேரம் அது. அந்த நாட்டின் பெரிய நகரத்திலேயே, இன்னும் அங்கீகாரம் பெறாத வங்கதேசத்தின் பெயரால் அரங்கு நிறைந்தது. ரவிசங்கரும் சரோத் கலைஞர் அலி அக்பர் கானும் தபலா கலைஞர் அல்லா ரக்காவும் சுருதி சேர்த்து முடித்ததுமே, அதையே இசை என்று எண்ணிக் கூட்டம் கைதட்டியதைச் சொல்லி இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பழக்கமில்லாத இசைக்குக் காது கொடுத்தவர்கள்தான், முகம் தெரியாத மக்களின் துயரத்துக்கும் காது கொடுத்தார்கள். கலைஞர்கள் தங்களுக்குப் புகழ் தேடிக்கொண்டார்கள் என்பாரும் உண்டு. புகழ் வந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் ஊதியம் வாங்காமல் வாசித்தார்கள், அந்தப் புகழால்தான் செய்தியும் பரவியது.

குறை வேறு இடத்தில் இருந்தது. பெரிய தொகை அந்தக் கச்சேரியின் இசைத்தட்டிலும் படத்திலும் வந்தது. பணம் ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்குப் போகும் என்ற ஏற்பாட்டை முன்கூட்டியே முறைப்படி செய்யாததால் அமெரிக்க வரித்துறை குறுக்கே வந்தது. பெரும்பகுதி பல ஆண்டுகள் முடங்கி, 1982 வாக்கில்தான் போய்ச் சேர்ந்தது. நல்ல மனதோடு செய்கிறவர்களிடம் காகிதக் கணக்குக் கேட்கலாமா என்பார்கள். கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் பணம் எப்போது போய்ச் சேர்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. 1971இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பும் சோடா உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை போன சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. உயிர் காக்கும் மருந்து அத்தனை மலிவு. அதற்கான காசு அந்த வாரமே முகாமுக்கு வர வேண்டும். பத்தாண்டு கழித்து வந்தால் அந்த நோயாளிக்கு எட்டாது. ஆகவே நிதி நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே, பணத்தை வாங்கப்போகும் அமைப்போடு எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளட்டும். மண்டப வாடகைக்கும் ஒலிபெருக்கிக்கும் எவ்வளவு, முகாமுக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை அழைப்பிதழிலேயே அச்சடிக்கட்டும்.