நேர்முகத் தேர்வும் மனத்தராசும்



பரீட்சை மண்டபத்தில் நமக்குப் பெயரில்லை, சுட்டெண்தான். விடைத்தாளைத் திருத்துகிறவர் நாம் லயத்துப் பிள்ளையா, பட்டணத்துப் பிள்ளையா என்று அறியார். நேர்முகத் தேர்விலோ நாம் நாற்காலியில் அமருமுன்னரே விலாசம் பேசிவிடுகிறது. நம்மில் ஒருவர் கொழும்பில் ஓர் உத்தியோகத்துக்குப் போனபோது கேட்கப்பட்ட முதற் கேள்வி, “எந்தத் தோட்டம்?” என்பதே. பிறகு அவர் சொன்ன விடைகள் யாவும் அந்த ஒரு விடையின் நிழலிலேயே நின்றன.

இது எப்போதும் வஞ்சகமன்று. தோர்ண்டைக் என்னும் அமெரிக்க உளநூலறிஞர், இராணுவ மேலதிகாரிகள் தம் கீழுள்ளோருக்கு இட்ட புள்ளிகளை ஆராய்ந்து 1920இல் எழுதினார். தேகக்கட்டில் நல்லவரென்று குறிக்கப்பட்டவரே பெரும்பாலும் அறிவிலும் ஒழுக்கத்திலும் நல்லவரென்று குறிக்கப்பட்டிருந்தார். ஒரு குணத்தின் ஒளி மற்றவற்றின்மீதும் வீசிற்று. இருளும் அப்படியே வீசும்.

1955இல் இஸ்ரேலிய இராணுவத்தில் டானியல் கானமன் ஒரு வழி கண்டார். அப்போது அவருக்கு நம் வயதுதான், 21! ஆறு குணங்கள், எல்லோரிடமும் ஒரே விதமான கேள்விகள், ஒரு குணத்துக்குப் புள்ளியிட்ட பின்னரே அடுத்தது.

நாமும் குற்றமற்றவரல்லோம். சென்ற ஆண்டு நம் வாசிகசாலைக்குப் பொறுப்பாளரைத் தெரிந்தபோது, மிஷன் பள்ளிக்கூட ஆங்கிலம் பேசியவரையே கெட்டிக்காரரென்று கொண்டோம். நாமும் அப்பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளல்லவா! கணக்கெழுதத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. (கணக்கேடு இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.) இவ்வாண்டுத் தெரிவுக்கு முன்னர் கேள்விகளைத் தாளில் எழுதிப் பெரியோர்கள் கையில் கொடுக்க எண்ணியிருக்கிறோம்.