பிள்ளையின் கடவுச்சீட்டு
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். அதற்குரிய புலமை எனக்கில்லை. மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே காலம் கழிப்பவன் நான். ஆனால் நம் காலனியில் எவர் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும், “குமாஸ்தா வீட்டிலே கொடுங்கள், நிரப்பித் தருவார்” என்று அது என் மேசைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அப்படி வரும் படிவங்களுள் மிகுந்த மன வருத்தத்தை உண்டாக்குவது ஒன்று உண்டு. மணமுறிவு பெற்ற தாயோ தந்தையோ, தம் குழந்தைக்குப் பாஸ்போர்ட்டு வேண்டிக் கொண்டுவரும் விண்ணப்பமே அது. அதைப் பற்றியே இன்று சில சொற்கள் சொல்ல விழைகிறேன்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத பெரிய இடத்து விஷயம் என்று எண்ணிவிட வேண்டா. நம் வீட்டுப் பெண்கள் செவிலியராகவும் கணிப்பொறிப் பணியாளராகவும் கடல் கடந்து செல்கிறார்கள். மருமகன் துபாயில் இருக்கிறார், மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள் என்பது இன்று காலனியில் சாதாரணப் பேச்சு. மணவாழ்வு முறிவதும் முன்போல் அபூர்வமன்று. இவ்விரண்டும் ஒரு வீட்டில் சேர்ந்தால், நடுவில் நிற்பது குழந்தை.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர். தாய் திருப்பதியிலும் தந்தை சித்தூரிலும் இருந்தால், பிள்ளை பாகாலா வழியாக வாரந்தோறும் போய் வரலாம். அதற்கு ரயில்வே இலாகா எவருடைய சம்மதத்தையும் கேட்பதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை டிக்கெட்டு கூடத் தேவையில்லை. பிளாட்பாரத்தில் பிள்ளையை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி, ஒரு சொல்லும் பேசாமல் ஆளுக்கொரு திசையில் போகும் பெற்றோரை நான் பார்த்ததுண்டு. அங்கே சண்டைக்கு இடமில்லை. அதே பிள்ளை கடல் கடக்க வேண்டுமென்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும். அவ்வளவில் பழைய பகை முழுவதும் அந்த ஒரு தாளில் வந்து குடியேறிவிடுகிறது.

முன்னாளில் தாய் தந்தையரின் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையின் பெயரையும் எழுதிவிடுவார்கள். இப்பொழுது கைக்குழந்தைக்கும் தனிப் புத்தகம். அது ஐந்து ஆண்டுகளுக்கோ, பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும் வரையிலோ, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். பதினைந்து வயதைக் கடந்தவர் பத்தாண்டுப் புத்தகமும் கேட்கலாம். இந்த ‘ஐந்து ஆண்டு’ என்பதை நினைவில் வையுங்கள். இதற்குப் பின்னர் வருகிறேன்.

விண்ணப்பத்துடன் இணைக்கும் உறுதிமொழி இருவகைப்படும். இருவரும் இசைந்து கையெழுத்திடுவது அனெக்சர் ‘டி’. ஒருவருடைய இசைவு கிடைக்காதபொழுது மற்றவர் தனியே கொடுப்பது அனெக்சர் ‘சி’. குழந்தை தம் பராமரிப்பில் இருக்கிறது, மற்றவரின் இசைவு பெற இயலாமைக்குக் காரணம் இன்னது, பின்னால் வழக்கு எழுந்தால் தாமே பொறுப்பு என்று அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியது. அதன்பின் இவ்வுறுதிமொழிகளை வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். நோட்டரியிடம் ஓட வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் தாய் தந்தை இருவருள் ஒருவர் பெயரை மட்டும் தரவும் இடமுண்டு. அதே ஆண்டு மே மாதத்தில், தனித்து வாழும் தாயின் பிள்ளைக்குத் தந்தை பெயரைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்று டில்லி உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்திருந்தது.

ஆகவே, “அவர் கையெழுத்துப் போடமாட்டார், என் பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது” என்று கண் கலங்கும் தங்கையர்க்கு நான் சொல்வது, வழி அடைபட்டுவிடவில்லை என்பதே. நீதிமன்றம் குழந்தையின் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்திருந்தால் அத்தீர்ப்பின் நகல் கைகொடுக்கும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதே நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். ஆனால் வழக்கு இருப்பதை மறைத்து எழுதுவதோ, மற்றவர் கையெழுத்தைத் தாமே கிறுக்குவதோ கூடவே கூடாது. பாஸ்போர்ட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பொய்த் தகவல் தருவோர்க்கு இரண்டாண்டு வரை சிறையும் ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

தாய்க்கு இவ்வுரிமை எளிதில் வந்துவிடவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து இளையோர் காப்பாளர் சட்டம், தந்தையே இயற்கைக் காப்பாளர், “அவருக்குப் பின்” தாய் என்று எழுதிற்று. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க முற்பட்டு, தாயின் கையெழுத்துச் செல்லாது என்று கேட்டு வழக்குத் தொடுத்தார். “பின்” என்றால் தந்தை இறந்த பின் என்று பொருளன்று, தந்தை பொறுப்பில் இல்லாத நிலை என்றே பொருள் என்று 1999 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரு சொல்லுக்குப் பொருள் காண நாற்பத்து மூன்று ஆண்டுகள்! நம் புலவர்கள் இதைவிட விரைவாக உரை எழுதிவிடுவார்கள்.

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கையெழுத்திட மறுப்பவர் எல்லாரும் பழிவாங்குபவர் அல்லர். “புத்தகம் கைக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் நான் எங்கே போய்த் தேடுவேன்?” என்ற அச்சம் மெய்யானது. அதற்குச் சான்று நம் திருப்பதியிலேயே தொடங்குகிறது.

2000-ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று திருப்பதியில் ஒரு திருமணம் நடைபெற்றது. மணமக்கள் அமெரிக்காவில் வாழ்ந்தார்கள். அங்கே 2002-இல் ஓர் ஆண் மகவு பிறந்தது. 2005-இல் மணமுறிவு ஆயிற்று. பிள்ளையின் பொறுப்பு இருவருக்கும் பொது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். 2007 ஜூன் 18 அன்று நியூயார்க் குடும்ப நீதிமன்றத்தில் மீண்டும் ஓர் இசைவு ஆணை. பத்தே நாளில், சென்னையில் தம் பெற்றோர் வீட்டில் தங்குவதாகச் சொல்லித் தாய் பிள்ளையுடன் இந்தியா வந்தார். திரும்பவில்லை. ஆகஸ்ட் 8 அன்று அந்த நீதிமன்றம், பிள்ளையையும் பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் உடனே தந்தையிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. கவனியுங்கள்: பிள்ளையோடு புத்தகத்தையும் சேர்த்தே கேட்டது. புத்தகம் இல்லாத பிள்ளை மீட்கப்பட்டாலும் விமானம் ஏற முடியாதல்லவா?

தந்தை நம் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்தார். பிள்ளை இருக்குமிடம் தெரியவில்லை. 2009 ஆகஸ்டில் மத்தியப் புலனாய்வுத் துறையைத் தேடச் சொல்ல வேண்டியதாயிற்று. அக்டோபரில் சென்னையில் கண்டுபிடித்தார்கள். இதற்கிடையில் அச்சிறுவன் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தான். டேராடூனில் ஒரு பள்ளியில் சேர்க்கப்பட்டுச் சில மாதங்களில் நீக்கப்பட்டான். 2009 ஜூனில் சென்னையில் மற்றொரு பள்ளி. ஏழு வயதுப் பிள்ளை! வகுப்பில் ஒரு நண்பன் பெயரையாவது மனத்தில் வைக்க அவகாசம் இருந்திருக்குமா?

2009 நவம்பர் 13 அன்று நீதிபதிகள் தருண் சட்டர்ஜி, ஆர்.எம். லோதா, பி.எஸ். சௌஹான் ஆகியோர் தீர்ப்புரைத்தனர். தாயே பதினைந்து நாட்களுக்குள் பிள்ளையை அமெரிக்கா அழைத்துச் சென்று அங்குள்ள நீதிமன்றத்தில் முன்னிலையாக வேண்டும். பயணச் செலவையும், அங்குத் தங்கும் ஏற்பாட்டையும் தந்தை ஏற்க வேண்டும். தாய்மீது குற்ற வழக்கு எதையும் அவர் தொடரக் கூடாது. தாய் செல்லத் தவறினால், பிள்ளை தன் பாஸ்போர்ட்டுடன் தந்தையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். பெற்றோர் பெயர்கள் சட்ட ஏடுகளில் இருக்கின்றன; இம்மேடைக்கு அவை வேண்டா. இருவருள் எவர் மீது குற்றம் என்று தீர்ப்புக் கூறவும் நான் வரவில்லை. தாயைத் தண்டியாமல் பிள்ளையின் நலத்தை நாடிய அந்த முறைதான் என் மனத்தைத் தொட்டது.

அயல்நாட்டு ஆணை இருந்தால் பிள்ளையைத் திருப்பி அனுப்பியே தீர வேண்டும் என்பதுமில்லை. ஆணையைவிடப் பிள்ளையின் நலமே முதன்மை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் அழுத்திக் கூறியது. கடத்தப்படும் குழந்தைகளைத் திருப்பியனுப்புவது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-இல் பரிந்துரைத்தது. கொடுமைக்கு அஞ்சித் தாய்வீடு தேடி வரும் பெண்ணைக் குற்றவாளியாக்கிவிடும் என்று அதை எதிர்ப்போரும் உளர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது யாது? மணமுறிவு மனு எழுதும் வேளையில்தான் இதற்கு வழி காண வேண்டும். இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின்படி இருவர் இசைவோடு பிரிவோர் பெரும்பாலும் ஆறு மாதம் காத்திருக்கிறார்கள். அந்த ஆறு மாதமும் நகை, சீர்ப் பாத்திரம், ஜீவனாம்சம் என்று பேசித் தீர்க்கிறோம். வெள்ளிக் குத்துவிளக்கு யாருக்கு என்பது கூட எழுதப்படுகிறது. பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் பற்றி ஒரு வரி இராது. அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு, குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி பற்றி ஆணையிடவும் பிறகு மாற்றவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வக்கீலிடம் கேட்டுச் சில வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். புத்தகம் எவர் கையில் இருக்கும், வெளிநாடு அழைத்துச் செல்வதானால் எத்தனை நாள் முன்பு மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும், திரும்பும் டிக்கெட்டின் நகலும் தங்குமிட விலாசமும் கொடுக்கப்படுமா, இவையெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

முன்னர் சொன்ன ஐந்து ஆண்டுக் கணக்கு இங்கேதான் வருகிறது. பிள்ளைக்கு மூன்று வயதில் நல்லெண்ணத்தோடு இருவரும் கையெழுத்திடுவர். எட்டு வயதில் புத்தகம் காலாவதியாகும். அதற்குள் இருவருள் ஒருவர் மறுமணம் செய்திருக்கலாம், மனம் கசந்திருக்கலாம். மறுபடியும் அனெக்சர், மறுபடியும் கையெழுத்து, மறுபடியும் சண்டை. புதுப்பிக்கும்பொழுதும் இசைவு உண்டு என்ற ஒரு வரி தீர்ப்பிலேயே இருந்தால் இது நேராது.

“நான் செலவழித்து வாங்கிய புத்தகம், தரமாட்டேன்” என்று அலமாரியில் வைத்துப் பூட்டுவோருக்கும் ஒரு செய்தி. 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட்டுச் சட்டம் 17-ஆம் பிரிவைப் பாருங்கள். எந்தப் பாஸ்போர்ட்டும் எக்காலத்தும் மத்திய அரசின் உடைமை. தாயினுடையதும் அன்று, தந்தையினுடையதும் அன்று. ரயில்வே பாஸைப் போலத்தான். பெயர் நம்முடையது, சொத்து இலாகாவினுடையது.

பாஸ்போர்ட்டுச் சேவா கேந்திரம் திருப்பதியிலேயே இருக்கிறது. சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. ஞாயிறு மாலைகளில் நான் நம் சங்க வாசகசாலையில் இருப்பேன். நீதிமன்றத் தீர்ப்பின் நகல், பிள்ளையின் பிறப்புச் சான்று, பழைய புத்தகம் இருந்தால் அதுவும் கையோடு கொண்டுவாருங்கள். இருவரும் ஒன்றாக வருவதற்குக் கூச்சமாக இருந்தால் ஒருவர் ஐந்து மணிக்கும் மற்றவர் ஆறு மணிக்கும் வரலாம். படிவம் என் மேசையிலேயே இருக்கும்.