மூச்சுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

(மட்டக்களப்பு வாவிக்கரை அங்கத்தவர் கூட்டத்தில் பேசியது)



நாம் பறிக்கும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கு உண்டு. பறிக்கும் தேங்காய்க்கு எண்ணிக்கை உண்டு. ஆனால் முட்டு வந்து திணறுகிறவரின் மூச்சுக்கு மட்டும் கணக்கே இல்லை. "நேற்று நல்லாத்தானே நின்றாய், இன்றைக்கு என்ன சாட்டு?" என்று கேட்டு அரைப்பேர் போடுகிறார்கள். மூச்சு கண்ணுக்குத் தெரியாது. அதனால் நம் சொல் எடுபடுவதில்லை.

இது புதிய வருத்தமும் அல்ல. தேயிலைத் தொழிற்சாலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி நம் நாட்டு நெஞ்சுநோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொட 1970இலேயே மருத்துவ இதழில் எழுதினார். இங்கே வாவிக்கரையில் நமக்குத் தும்புத் தூசி, நெல் ஆலை உமித்தூசி, கசுக்கொட்டை சுடும் புகை. மாரி காலத்தில் கதவடைத்த குசினிக்குள் விறகுப் புகை வேறு.

மூச்சை அளக்கலாம். ஆஸ்பத்திரியில் ஊதச் சொல்லும் பெரிய கருவி ஸ்பைரோமீட்டர். வீட்டில் வைத்துக்கொள்ளச் சிறியது பீக் புளோ மீற்றர். நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வேகத்தில் காற்றை வெளியே தள்ளுகிறோம் என்று அது காட்டும்.

முள்ளைக் கீழே இறக்கிவிட்டு, நிமிர்ந்து நின்று, மூச்சை நிறைய இழுங்கள். உதட்டை இறுக்கி ஒரே வீச்சில் ஊதுங்கள். மூன்று தடவை ஊதி, கூடிய எண்ணை எழுதுங்கள். காலையும் மாலையும், பம்ப் அடிப்பதற்கு முன் செய்வது நல்லது.

அடுத்தவரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். நாம் சுகமாக இருக்கும்போது வரும் நமது கூடிய எண்தான் அளவுகோல். அது 400 என்றால், 320க்கு மேல் பச்சை. 200 முதல் 320 வரை மஞ்சள். வைத்தியர் சொல்லித்தந்தபடி மருந்தைப் பாவித்து, அவரைப் போய்க் காணுங்கள். 200க்குக் கீழே சிவப்பு. உடனே பம்பை எடுங்கள், 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. எண் நன்றாக இருந்தாலும் பேச முடியாமல் மூச்சு முட்டினால் காத்திருக்க வேண்டாம்.

வேலையால்தான் வருகிறதா என்று சந்தேகமா? சில கிழமைகள், ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது ஊதி எழுதுங்கள். வேலை நாளையும் லீவு நாளையும் குறித்துவையுங்கள். லீவு நாளில் 350, வேலை நாள் பின்னேரம் 260 என்று திரும்பத் திரும்ப வந்தால், அந்தக் கொப்பியைக் கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுங்கள். காரணம் என்னவென்று முடிவு சொல்வது அவர். ஆனால் சொல்வதற்கு அவர் கையில் சான்று வேண்டும். தூசி குறைந்த வேலைக்கு மாற்று, காற்றோட்டம் செய், முகமூடி கொடு என்று நாங்கள் துரையிடம் கேட்கும்போதும் அதே கொப்பிதான் மேசையில் இருக்கும்.

எண் குறைந்தது என்று யாரும் வேலையை விட்டுவிட வேண்டாம். எண் கூடியது என்று மருந்தை நிறுத்தவும் வேண்டாம். மீற்றரை வாய்க்கு வாய் மாற்றி ஊதக்கூடாது. ஒருவருக்கு ஒன்று.

கொழுந்துக் கணக்கைக் காலமெல்லாம் அவர்கள் எழுதினார்கள். நம் மூச்சுக் கணக்கை நாமே எழுதுவோம்.