கேட்டறிதலும் சிறுகச் செய்தலும்

(நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் கணினித் தொழிலைப்பற்றிப் பேச எழுந்தது கண்டு உங்களிற் சிலர் வியக்கக்கூடும். நம் குலத்து இளைஞர் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிலையங்களிற் பணிபுரிகின்றனர். அவர்கள் விடுமுறைக்கு ஊர் வருங்கால் ‘அஜைல்’ என்றும் ‘டிசைன் திங்கிங்’ என்றும் தமக்குள் உரையாடுவதை யாம் கேட்டதுண்டு. அவற்றின் பொருளை அவர்களிடமே வினவியும் நூல்களிற் படித்தும் ஒருவாறு தெரிந்துகொண்டோம். அங்ஙனம் தெரிந்துகொள்ள நேர்ந்த காரணம் மகிழ்ச்சிக்குரியதன்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் அஜைல் என்பது யாதெனக் காண்போம். முன்னர் மென்பொருள் ஆக்குவோர் பெரும்பாலும், வேண்டுவன யாவற்றையும் தொடக்கத்திலேயே எழுதி முடித்து, பின் வரைபடம் வகுத்து, பின் ஆக்கி, இறுதியிற் சோதித்து ஒப்படைப்பர். ஒப்படைக்கும் நாளில், “யாம் வேண்டியது இதுவன்றே!” என்று கேட்டவர் கைவிரிப்பாராயின், பல திங்கள் உழைப்பும் வீணாகும். 1986-ஆம் ஆண்டில் தாக்கேவுச்சி, நோனாக்கா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர், புதுப்பொருள் ஆக்கும் குழுவினர் தொடரோட்டக்காரரைப்போல் ஒருவர்பின் ஒருவராகக் கைமாற்றிச் செல்லாது, ரக்பி ஆட்டக்காரரைப்போல் ஒருங்கே கூடி முன்னேறவேண்டுமென எழுதினர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்க நாட்டு யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் அறிஞர் கூடி, அஜைல் என்னும் பெயரால் ஓர் அறிக்கையை வகுத்தனர். அதனுள் நான்கு கோட்பாடுகளும், அவற்றைச் சார்ந்த பன்னிரண்டு நெறிகளும் உள. சிறு சிறு பகுதியாகச் செய்க. இயங்கும் நிலையிற் பயன்படுத்துவோர் கையிற் கொடுக்க. அவர் கூறுவதற்கேற்பத் திருத்துக என்பது அவற்றின் சாரம். இரண்டு வாரத்திற்கு ஒரு சுற்று என வகுத்துக்கொள்வது இன்று பெருவழக்கு.

இனி, டிசைன் திங்கிங் என்பதை வடிவமைப்புச் சிந்தனை எனலாம். அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்து வடிவமைப்புப் பள்ளியார் அதனை ஐந்து படிகளாக வகுத்துக் கற்பிப்பர். பயன்படுத்துவோர் நிலையில் நின்று உணர்தல், உண்மையான குறை யாதென வரையறுத்தல், பல வழிகளை எண்ணுதல், மாதிரி செய்தல், சோதித்தல் என்பன அவை. ஆசிரியர்க்கு இலக்கணம் வகுத்த நன்னூலார் மாணாக்கனது கொள்ளுந் திறம் அறிந்து கற்பிக்கவேண்டுமென்றார். அக்கருத்தோடு இஃது ஒத்திருத்தல் காண்க.

இதற்கொரு மெய்ச்சான்று கூறுவோம். 2007-ஆம் ஆண்டில் அப் பல்கலைக்கழகத்து வகுப்பொன்றில், குறைமாதக் குழவிகளை வெதுவெதுப்பாக வைத்துக் காக்கும் ‘இன்குபேட்டர்’ பெட்டியை மிகக் குறைந்த விலையில் ஆக்குமாறு மாணாக்கர்க்குப் பணி தரப்பட்டது. ஜேன் சென், லைனஸ் லியாங், நாகானந்த் மூர்த்தி, ராகுல் பணிக்கர் என்போர் அதனை மேற்கொண்டனர். லியாங் நேபாளம் சென்று காத்மாண்டு நகரில் மருத்துவமனையைக் கண்டார். ஆங்கே பெட்டிகள் இருந்தன. ஆயின் அவற்றிற் பல வெறுமையாய்க் கிடந்தன. குறைமாதக் குழவிகள் மிகுதியும் பிறந்தது தொலைவிலுள்ள சிற்றூர்களில். மருத்துவமனையை அவை வந்தடைதல் அரிது. ஆகவே, ‘மலிவான பெட்டியை ஆக்குவது எங்ஙனம்?’ என்ற வினா, ‘சிற்றூர்த் தாய் தன் குழவியை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்வது எங்ஙனம்?’ என மாறிற்று. வினா மாறவே விடையும் மாறிற்று. சிறிய உறக்கப்பை போன்ற ஒன்றை ஆக்கினர். அதனுள் மெழுகு போன்ற பொருள் நிறைந்த உறையொன்றைச் சூடேற்றி வைப்பின், தொடர்ந்து மின்சாரம் வேண்டாமலே ஏறத்தாழ நான்கு மணிநேரம் 37 பாகை வெப்பம் நிற்கும்.

அதனோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பெங்களூருக்குக் குடிபெயர்ந்து, மாதிரிகளைச் செய்து காட்டி, மீண்டும் மீண்டும் திருத்தினர. ஒரு மாதிரியில் வெப்பநிலையை எண்ணாற் காட்டும் கருவி இருந்தது. இந்தியச் சிற்றூர்த் தாய் ஒருத்தி, மேனாட்டு மருந்து கடுமையானதென அஞ்சி, மருத்துவர் சொன்ன அளவிற் குறைத்தே கொடுக்கும் வழக்கமுடையவள். அவ்வச்சத்தாலேயே பையின் சூட்டையும் சொன்ன எண்ணுக்குக் குறைவாக வைப்பேன் என்றனள். அங்ஙனம் செய்யின் குழவிக்குக் கேடு நேரும். ஆதலின் எண்ணை நீக்கி, ‘சரி’ அல்லது ‘சரியன்று’ என்று மட்டும் காட்டும் குறியை வைத்தனர். 2011-ஆம் ஆண்டில் அப்பொருள் இந்தியாவில் வெளிவந்தது. காத்மாண்டில் ஒருமுறை கண்டறிந்தது போதுமென்று அவர்கள் இருந்திருப்பின், இத்தாயின் அச்சம் வெளிப்பட்டிராது.

இவ்விரு நெறிகளையும் இணைக்கவேண்டுமென்பதன் கருத்து இதுவே. எதனை ஆக்குவது தகும் என்பதை வடிவமைப்புச் சிந்தனை ஆராயும். ஆக்குவதைப் பிழை சிறிதாயிருக்கும்போதே திருத்த அஜைல் உதவும். முன்னதின்றிப் பின்னதை மட்டும் கொள்வோர், வேண்டாத பொருளை விரைவாகச் செய்து முடிப்பர். முன்னதை மட்டும் கொள்வோர் சுவர் நிறையக் குறிப்புத்தாள்களை ஒட்டிவிட்டுக் கலைவர். கேட்டறிதலை முதல் மாதத்தோடு முடித்துவிடலும் பிழையாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒருபுறம் ஆக்கலும், மறுபுறம் அடுத்த சுற்றிற்குரிய கேட்டறிதலும் நிகழவேண்டும். அவ்விரண்டையும் ஒரே குழுவினர் செய்யவேண்டும்.

இனி, எம் குறையைக் கூறுவோம். சென்ற ஆண்டு கல்வி உதவிநிதிக்கு விண்ணப்பிக்க நம் இளைஞர்கள் ஒரு செயலியை ஆக்கித் தந்தனர். இரவெல்லாம் விழித்து மூன்று திங்களில் முடித்தனர். விழா மேடையில் அதனைத் தொடங்கிவைத்துக் கைதட்டினோம். காகித விண்ணப்பத்தை அன்றே நிறுத்தினோம். எம் பள்ளியிற் பயின்ற ஒரு மாணவியின் தாயார் விதவை. களையெடுக்கும் கூலிவேலை செய்பவர். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியை அவர்தம் மகன் திருப்பூர் வேலைக்கு எடுத்துச் சென்றிருந்தான். செயலி கேட்ட ஓ.டி.பி. எண் ஒவ்வொரு முறையும் திருப்பூருக்கே சென்றது. அவன் ஆலையிலிருந்து வெளிவந்து பார்ப்பதற்குள் அதன் காலம் கழிந்தது. இறுதி நாளும் கழிந்தது. அப்பெண் அவ்வாண்டு கல்லூரியிற் சேரவில்லை.

இளைஞர்கள்மேற் பழி சொல்லோம். ‘சான்றாவணங்களைப் பதிவேற்றுக’ என்பது முதலாக அச்செயலியில் உள்ள தொடர்களை யாத்தவர் யாமே. பிழையற்ற தமிழ் என்று மகிழ்ந்திருந்தோம். பின்னர் அத்தாயார் எம்மிடம் வந்து, “சாமி, இதுல என்ன கேக்குறாங்கன்னே தெரியலீங்க” என்றபோது தலைகுனிந்தோம். ‘சர்ட்டிபிகேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பவும்’ என்று எழுதியிருப்பின் அவர் உணர்ந்திருப்பார்.

ஆகவே இவ்வாண்டுக்கு யாம் வேண்டுவன சில. வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர் இருவரும் மகளிர் அணியினர் இருவரும் ஆறு வீடுகளுக்குச் செல்க. “செயலி பிடிக்கிறதா?” என்று கேளாது, “சென்ற முறை எப்படி விண்ணப்பித்தீர்கள்?” என்று கேட்டு, அவர் செய்து காட்டுவதைப் பார்த்திருக்க. அதன்பின் காகிதத்தில் வரைந்து காட்டுக. முதல் இரண்டு வாரத்தில் ஒன்றே ஒன்றை ஆக்குக: வகுப்பாசிரியர் கைப்பேசி வழியே விண்ணப்பம் அனுப்பும் வசதி. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அத்தாய்மார் கையிற் கொடுத்து, குறுக்கே பேசாது அவர் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்க. செயலி தேறும்வரை காகித விண்ணப்பமும் இருந்து வருக. எழுத்துத்தமிழை அவர்தம் வழக்கிற்கேற்பத் திருத்தும் பணி எம்முடையது.

அம்மாணவி இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பிக்க இசைந்திருக்கிறாள். நம் இளைஞர் முதலிற் செல்லும் வீடு அவள் வீடாக இருக்கவேண்டுமென வேண்டி, இம்மட்டில் அமைகின்றோம்.