டிஜிட்டல் வேளாண்மை: பட்டியலில் இல்லாத விவசாயி

(கட்சி உறுப்பினர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ராயலசீமாவின் மானாவாரி நிலத்தில் நிலக்கடலை பயிரிடும் விவசாயிக்கு ஜூன் மாதத்தின் முதல் மழை பெரும் சோதனை. நிலம் நனைந்துவிட்டது, விதைக்கலாம் என்று மனம் சொல்லும். விதைத்தபின் இரண்டு வாரம் வானம் பொய்த்தால் முளைத்தது கருகிவிடும். நிலக்கடலைச் சாகுபடியில் விதைக்கே கணிசமான செலவு பிடிக்கிறது. ஆகவே மறுவிதைப்பு என்றால் மறுகடன் என்று பொருள். அந்தக் கடன் பெரும்பாலும் வங்கியில் கிடைப்பதில்லை. கந்துவட்டிக்காரரிடமோ, விளைச்சலை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளும் வியாபாரியிடமோதான் கிடைக்கும்.

காலநிலை மாற்றம் என்ற பெரும் சொல் சிறு விவசாயியின் வாசலுக்கு இந்த உருவத்தில்தான் வந்து நிற்கிறது. மழையின் மொத்த அளவு ஏறத்தாழ வழக்கம்போல் இருக்கலாம். அது வரும் நாளும் நிற்கும் நாளும் கணக்கில் அடங்காமல் போய்விட்டன. 1901 முதல் உள்ள பதிவுகளில் 2023 ஆகஸ்ட்தான் மிகவும் வறண்ட ஆகஸ்ட். அம்மாதம் நாடு முழுவதும் மழை இயல்பைவிட 36 விழுக்காடு குறைந்தது. 2025இல் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளத்தைத் தொட்டது. சீக்கிரம் வந்த மழை மே இறுதியில் முன்னேறாமல் நின்றது. மீண்டும் நகர்ந்தபோது ஜூன் நடுப்பகுதி ஆகிவிட்டது. முன்னோர் கணித்து வைத்த விதைப்பு நாட்கள் இத்தகைய ஆண்டுகளில் கைகொடுப்பதில்லை.

இந்த இடத்தில் தொழில்நுட்பம் உதவ முடியுமா என்றால், முடியும். இதில் தயக்கம் தேவையில்லை. கணினியையும் செயற்கை நுண்ணறிவையும் கண்ட மாத்திரத்தில் சந்தேகத்துடன் ஒதுக்குவது மார்க்சிய அணுகுமுறை ஆகாது. 2016இல் கர்னூல் மாவட்டத்தின் தேவனகொண்டா மண்டலத்தில் 175 நிலக்கடலை விவசாயிகளுக்கு விதைப்பு நாள் குறித்த குறுஞ்செய்திகள் தெலுங்கில் அனுப்பப்பட்டன. ஐதராபாத் அருகே படான்செருவில் இயங்கும் இக்ரிசாட் ஆய்வு நிறுவனம், மைக்ரோசாப்ட், ஆந்திர அரசு ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த முயற்சி அது. முதல் மழையை நம்பாமல் பொறுத்திருந்து, ஜூன் கடைசி வாரத்தை ஒட்டி விதைக்குமாறு அச்செய்தி கூறியது. அவ்வாறு செய்தவர்களுக்குச் சராசரியாக 30 விழுக்காடு மகசூல் கூடியது என்று முயற்சியை நடத்தியவர்களே அறிவித்தனர். நடத்தியவர்களே சொன்ன கணக்கு என்பதால் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொண்டாலும், செய்தியைப் பெறுவதற்குச் சாதாரணக் கைபேசி போதுமானதாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2025 காரிப் பருவத்தில் இதே வேலை மிகப் பெரிய அளவில் நடந்தது. ஒன்றிய வேளாண் அமைச்சகம் 13 மாநிலங்களில் ஏறத்தாழ 3.88 கோடி விவசாயிகளுக்கு எம்-கிசான் வழியாகப் பருவமழைத் தொடக்கம் பற்றிய முன்னறிவிப்புக் குறுஞ்செய்திகளை அனுப்பியது. பின்னர் மத்தியப் பிரதேசத்திலும் பீகாரிலும் கிசான் அழைப்பு மையங்கள் வழியாக விவசாயிகளிடம் கேட்டபோது, 31 முதல் 52 விழுக்காட்டினர் உழவு, விதைப்பு நாள், பயிர்த் தேர்வு ஆகியவற்றை அச்செய்தியைக் கொண்டு மாற்றிக்கொண்டதாகக் கூறியுள்ளனர். ஒரு குறுஞ்செய்தி இவ்வளவு செய்திருந்தால் அதை வரவேற்கவே வேண்டும். செய்திகள் இந்தி, ஒடியா, மராத்தி, வங்காளம், பஞ்சாபி ஆகிய ஐந்து மொழிகளில் மட்டும் சென்றன. தேவனகொண்டாவின் தெலுங்கு அதில் இல்லை.

அந்த முன்னறிவிப்பு எதனால் செய்யப்பட்டது என்று பிரித்துப் பார்த்தால் ஓர் அரசியல் உண்மை புலப்படும். ஐரோப்பிய நாடுகளின் பொது நிறுவனமான வானிலை மையத்தின் கணிப்பு மாதிரி ஒன்று, கூகுள் நிறுவனத்தின் மாதிரி ஒன்று, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 125 ஆண்டு மழைப் பதிவுகள் ஆகியவை அதில் இணைக்கப்பட்டன. கூகுளின் மாதிரியும் அதே ஐரோப்பிய மையம் பல்லாண்டுகளாகத் தொகுத்துப் பொதுவில் வைத்த தரவுகளிலிருந்து கற்றதே. நம் நாட்டின் 125 ஆண்டுப் பதிவு எப்படி உண்டாயிற்று? காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து அளவெடுத்துப் பேரேட்டில் எழுதிய, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான ஊழியர்களின் தினசரி உழைப்பால் உண்டாயிற்று. இன்று ‘செயற்கை நுண்ணறிவின் அற்புதம்’ என்று விளம்பரப்படுத்தப்படுவதன் அடித்தளத்தில் தலைமுறை தலைமுறையான பொதுத்துறை உழைப்பு படிந்திருக்கிறது.

அந்த உழைப்பை ஒன்றிய அரசு எவ்வாறு மதிக்கிறது என்பதற்கு மாவட்ட வேளாண் வானிலை அலகுகளின் கதையே சான்று. 2018 முதல் வேளாண் அறிவியல் மையங்களில் இவை அமைக்கப்பட்டு, மொத்தம் 199 அலகுகள் இயங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு வல்லுநரும் ஒரு வானிலைப் பதிவாளரும் இருந்தனர். வானிலைத் துறையின் முன்னறிவிப்பை எடுத்து, தங்கள் பகுதியின் மண்ணுக்கும் அங்கு நிற்கும் பயிரின் வளர்ச்சிக்கும் ஏற்ப அதை ஆலோசனையாக மாற்றி, செவ்வாயும் வெள்ளியும் உள்ளூர் மொழியில் இலவசமாக வெளியிடுவது அவர்கள் பணி. ‘நாளை மறுநாள் 40 மில்லிமீட்டர் மழை’ என்பது வெறும் தகவல். ‘மறுநாள் மழை வரும், நாளை உரம் போட வேண்டாம், அறுத்த கதிரைக் களத்தில் விட வேண்டாம்’ என்பதுதான் விவசாயிக்குப் பயன்படும் சொல். முன்னதைப் பின்னதாக மாற்ற ஒரு மனிதர் வேண்டும்.

2024 மார்ச்சுடன் 199 அலகுகளும் மூடப்பட்டன. இதற்கு முன்பே, இப்பணி தானியங்கி முறையில் நடந்துவிடுவதால் ஒவ்வோர் அலகிலும் ஊழியர் தேவையில்லை என்று நிதி ஆயோக் கூறியிருந்தது. எல்லோருக்கும் இலவசமாகத் தருவதற்குப் பதிலாக இச்சேவையைக் காசாக்க வேண்டும் என்றும் அது கருதியது பின்னர் வெளியான ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. தானியங்கி என்று எதைச் சொன்னார்களோ, அதைச் செய்துகொண்டிருந்தவர்கள் ஒப்பந்த ஊழியர்களாகிய அந்த வல்லுநர்களே. ஊழியரைக் கணக்கில் காணாமல் செய்துவிட்டு, ஊழியர் தேவையில்லை என்று முடிவு கட்டுவது நவதாராளமய நிர்வாகத்துக்குப் பழகிப்போன வித்தை.

ஆலோசனை கிடைத்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. 1901க்குப் பிறகு பதிவான மிக வெப்பமான மார்ச், 2022 மார்ச். பஞ்சாபிலும் அரியானாவிலும் பால்பிடிக்கும் பருவத்தில் நின்ற கோதுமை சூம்பிப் போயிற்று. இத்தகைய வெப்பத்தில் லேசாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பது சரியான அறிவுரை. தண்ணீர் பாய்ச்ச மின்சாரம் வேண்டும், இல்லையேல் டீசல் வேண்டும். டீசலுக்குப் பணம் வேண்டும். மே 13ஆம் தேதி ஒன்றிய அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. நுகர்வோரைக் காக்க அது தேவையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் மகசூலும் குறைந்து விலை உயர்வும் கைக்கு வராமல் போன விவசாயிக்கு இழப்பீடு எங்கே என்ற கேள்விக்கு எந்தச் செயலியிலும் பதில் இல்லை. தகவலைக் கொடுத்துவிட்டு, பொருள்வசதியைக் கொடுக்காமல் விட்டால், நட்டத்துக்கான பொறுப்பும் விவசாயியின் தலையிலேயே விழுகிறது. சொன்னோமே, கேட்கவில்லையே என்று அதிகாரி கைகழுவிக்கொள்வார்.

இனி, யாருக்குத் தகவலும் உதவியும் போகின்றன என்பதைப் பார்ப்போம். 2024 செப்டம்பர் 2 அன்று ஒன்றிய அமைச்சரவை 2,817 கோடி ரூபாய் மதிப்பில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 11 கோடி விவசாயிகளுக்கு ஆதாரைப் போன்ற அடையாள எண் வழங்குவது இலக்கு. கடன், காப்பீடு, கொள்முதல், பேரிடர் நிவாரணம் என எல்லாவற்றுக்கும் இந்த எண்ணே திறவுகோல் ஆகப்போகிறது. எண் எதனுடன் இணைக்கப்படுகிறது? நில ஆவணத்துடன். இந்தியாவில் நில ஆவணத்தில் பெயர் இருப்பவரும் நிலத்தில் இறங்கி உழுபவரும் ஒருவரே என்று நம்புவதற்கு, கிராமத்தைப் பார்த்தே இராதவராக இருக்க வேண்டும்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பண்ணைகளில் 86 விழுக்காடு சிறு, குறு விவசாயிகளுடையவை. பெண்கள் பொறுப்பில் உள்ளவை 14 விழுக்காடுகூட இல்லை. ஊரகப் பெண் தொழிலாளர்களில் நான்கில் மூன்று பேர் வேளாண்மையில் உழைக்கும் நாட்டின் கணக்கு இது. குத்தகையாளர் நிலையோ இன்னும் மோசம். ஆந்திராவில் 2011இல் வந்த சட்டம் நில உடைமையாளரின் ஒப்புதலைக் கோராமலே குத்தகையாளருக்குச் சாகுபடி அட்டை வழங்க வழிசெய்தது. அதை நீக்கிவிட்டு 2019இல் கொண்டுவந்த சட்டம், உடைமையாளர் கையெழுத்திட்டால்தான் அட்டை என்றது. அட்டைக்கு ஆயுள் 11 மாதம். உடைமை பறிபோகுமோ என்ற அச்சத்தால் கையெழுத்திட மறுக்கிறார் உடைமையாளர். கேட்டால் அடுத்த ஆண்டு குத்தகை கிடைக்காதே என்று அஞ்சிக் கேட்காமலே இருக்கிறார் குத்தகையாளர். தேவனகொண்டாவில் பலன் தந்த அதே குறுஞ்செய்தி நாளை அடையாள எண் வழியாகச் செல்லுமானால், நகரத்தில் குடியேறிவிட்ட உடைமையாளரின் சட்டைப்பையில்தான் அது ஒலிக்கும். பயிர் அழிந்தால் வரும் காப்பீட்டுத் தொகையும் அங்கேயே போய்ச் சேரும்.

விவசாயத் தொழிலாளருக்கு இந்தப் பட்டியலில் இடமே கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாகுபடியாளர் 11.9 கோடி, விவசாயத் தொழிலாளர் 14.4 கோடி. மின்னல் தாக்கி 2022இல் மட்டும் 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. இறப்பவர்களில் மிகப் பலர் திறந்த வயலில் வேலை செய்பவர்கள். புனேயிலுள்ள பொதுத்துறை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ என்ற செயலி, மின்னல் விழுமுன் எச்சரிக்கும் திறன் உடையது. நல்ல அறிவியல் அது. சேற்றில் நின்று நாற்று நடும் பெண்ணிடம் அந்நேரம் ஸ்மார்ட்போன் இருக்குமா, இருந்தாலும் வரப்பில் வைத்த பையிலிருந்து எடுத்துப் பார்க்க முடியுமா, பார்த்தாலும் கூலி பிடிக்கப்படாமல் கரையேற முடியுமா என்ற மூன்று கேள்விகளில் முதல் இரண்டையாவது தொழில்நுட்பத்தால் தீர்க்கலாம். மூன்றாவது, சங்கம் தீர்க்க வேண்டியது.

தரவு யாருக்குச் சொந்தம் என்பதும் சாதாரணக் கேள்வி அன்று. 2021இல், மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் தில்லி எல்லையில் அமர்ந்திருந்த அதே நேரத்தில், 6 மாநிலங்களின் 100 கிராமங்களில் சோதனை நடத்த மைக்ரோசாப்டுடன் வேளாண் அமைச்சகம் ஒப்பந்தம் செய்துகொண்டது. எந்த வயலில் எந்தப் பயிர், எவ்வளவு விளையும், யாருக்கு எப்போது பணமுடை என்ற விவரம் அறுவடைக்கு முன்பே வாங்குபவர் கையில் இருந்தால், பேரம் பேசும் இடத்தில் விவசாயிக்கு மிஞ்சுவது என்ன? சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. தரவின் வழியாக அதே பாதை திறந்துதான் இருக்கிறது.

மாற்று வழி நம் அருகிலேயே முயன்று பார்க்கப்பட்டுள்ளது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலை உயர விவரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் ஊர் முழுவதற்கும் அறிவித்தனர். படகு வைத்திருப்பவர், படகில் கூலிக்குப் போகிறவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் கேட்டது. நவீனத்தில் நவீனமான தரவும் பழைய ஒலிபெருக்கியும் சேர்ந்து செய்த காரியத்தைத் தனித்தனிக் கைபேசிகளால் இன்றளவும் முழுமையாகச் செய்ய இயலவில்லை. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் கூட்டுப் பொறுப்புக் குழுக்களாகச் சேர்ந்து குத்தகை நிலத்தில் பயிரிடுகின்றனர்; பட்டா இல்லாவிட்டாலும் குழு என்ற பெயரில் வங்கிக் கடன் பெறுகின்றனர். தனிமனிதருக்கு நிலம் இருந்தால்தான் எண் என்ற நிபந்தனையை இப்படிப்பட்ட குழுக்களைக் காட்டியே எதிர்த்து வாதிட முடியும்.

2024 அக்டோபர் முதல் ஊராட்சி அளவிலான வானிலை முன்னறிவிப்பு வெளியிடப்படுகிறது. அது இப்போது ஊராட்சித் தலைவரின் கைபேசி வரையில் வந்திருக்கிறது. அதை அலுவலகச் சுவரில் நாள்தோறும் எழுத வைப்பதும், காலையில் ஒலிபெருக்கியில் வாசிக்க வைப்பதும் கிராமக் கிளைகள் உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய வேலை. விவசாய அடையாள எண்ணுக்கான முகாம் ஊருக்கு வரும்போது, உடைமையாளர் பட்டியலுடன் அதிகாரி வருவார். உண்மையில் உழுபவர்கள், குத்தகையாளர், வனநிலம் பயிரிடும் ஆதிவாசிகள், கணவர் பெயரில் பட்டா இருக்கத் தாமே சாகுபடி நடத்தும் பெண்கள் ஆகியோரின் பட்டியலை விவசாய சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் வீடு வீடாகச் சென்று முன்னதாகவே தயாரித்து, அந்த முகாமிலேயே கையளித்து ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும். மூடப்பட்ட 199 அலகுகளை நிரந்தர ஊழியர்களுடன் திறக்கும் கோரிக்கையுடன் வேளாண் அறிவியல் மையங்களின் வாசலுக்குச் செல்வதற்குச் சரியான காலம், விதைப்புக்கு முந்தைய மே மாதம்.